இன்னும் ஒரு வாரமா, ஒரு செமஸ்டரா, ஐகிரவுண்டா?

தாவரவியல் ரெக்கார்டு நோட்டில் இடப்பக்கம் படம், வலப்பக்கம் குறிப்பு. மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி என் மேசையில் வைத்த நோட்டில் இடப்பக்கத் தாள் பஞ்சாக எழும்பி நின்றது. மக்காச்சோளத் தண்டின் குறுக்குவெட்டுத் தோற்றம். நீரையும் உணவையும் கடத்துகிற வாஸ்குலார் கற்றைகள் தண்டு முழுக்கச் சிதறிக் கிடக்குமே, அந்தப் படம். அழித்து அழித்து வரைந்ததில் ஓரிடத்தில் தாள் ஓட்டையே விழுந்திருந்தது. பின்பக்கம் வேறொரு தாளை ஒட்டி, அதன் மேல் மறுபடி வரைந்திருந்தாள். மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த கற்றைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அத்தனையையும் அந்தந்த இடத்தில் போடப் பார்த்திருக்கிறாள். அப்படி யாரும் கேட்பதில்லை. ஒரு துண்டை மட்டும் பெரிதாக்கிப் போட்டு, பாகங்களைக் குறித்தால் முழு மதிப்பெண் உண்டு.

அந்த செமஸ்டரில் அவள் கொடுத்தது அந்த ஒரு படம்தான். மற்ற படங்கள் வரவில்லை, அசைன்மெண்ட் வரவில்லை, இரண்டாவது இன்டர்னல் தேர்வுக்கு அவளும் வரவில்லை. பிளஸ் டூ முடித்தபோது ஊர் முனையில் ஃபிளெக்ஸ் வைத்துக் கொண்டாடிய பிள்ளை. முக்கூடலில் இருந்து அவள் அம்மா என்னைப் பார்க்க வந்தார். பீடி சுற்றுகிறவர், சேலையில் தூள் வாசம் இருந்தது. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“படிக்கலன்னா வையலாம் டீச்சர். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்து படிக்கா. ஆனா ஒண்ணையும் குடுக்க மாட்டேங்கா. நான் என்ன செய்யட்டும்?”

எனக்கு அன்றைக்குத் தெரிந்த பதிலைச் சொன்னேன். “இன்னும் ஒரு வாரம் எடுத்துக்கச் சொல்லுங்கம்மா.” அந்தப் பதில் தவறு. அது ஏன் தவறு, வேறு என்னென்ன வழிகள் அந்த அம்மாவுக்கு முன்னால் இருந்தன, எது யாருக்குப் பொருந்தும் என்று இந்த மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். இதே கேள்வியோடு வருடத்துக்கு நாலைந்து பெற்றோராவது என் மேசைக்கு முன்னால் நிற்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இதை பெர்ஃபெக்ஷனிசம் என்கிறார்கள். பிள்ளைகள் வாயில் அது “பெர்ஃபெக்டா இல்லன்னா வேண்டாம் மேம்” என்று வரும். இது தனியாக ஒரு நோயின் பெயர் இல்லை. ஆனால் மனச்சோர்வு, பதற்றம், சாப்பாட்டுக் கோளாறு, ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வந்து வாட்டுகிற ஓ.சி.டி. எனப் பலவற்றோடு சேர்ந்தே நடக்கிற குணம். 1991-இல் ஹெவிட், ஃபிளெட் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை மூன்றாகப் பிரித்தார்கள். தனக்குத் தானே எட்டாத அளவுகோல் வைப்பது ஒன்று. அடுத்தவர் மேல் வைப்பது ஒன்று. ‘நான் பிசகாமல் இருந்தால்தான் மற்றவர்கள் என்னை ஏற்பார்கள்’ என்று நம்புவது மூன்றாவது. மனச்சோர்வோடும் நம்பிக்கையிழப்போடும் நெருங்கிய தொடர்புள்ளது இந்த மூன்றாவதுதான். அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மாணவர்கள் 41,641 பேரிடம் 1989 முதல் 2016 வரை எடுத்த அளவீடுகளைக் கர்ரன், ஹில் என்ற ஆய்வாளர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, மூன்று வகையும் கூடியிருந்தன. மூன்றாவது வகை 33 சதவீதம் கூடியிருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளை அளந்த கணக்கு இல்லை அது. ஆனாலும் அதைப் படித்தபோது என் கண்ணுக்குத் தெரிந்தது முக்கூடல் முனையில் நின்ற ஃபிளெக்ஸ்தான். பொதுத்தேர்வில் மாநில முதலிடப் பட்டியல் வெளியிடுவதை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. ஊர் நிறுத்தவில்லை.

1923-இல் தொடங்கிய தூய சவேரியார் கல்லூரியில் இருந்து 1990-இல் வந்த மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வரை, படிப்பையே பெருமையாகச் சொல்லி வளர்ந்தது எங்கள் திருநெல்வேலிச் சீமை. இங்கே ராத்திரி ரெண்டு மணி வரை படிக்கிற பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று யாருக்கும் தோன்றாது. எனக்கும் தோன்றவில்லை.

சரி, வழிகளுக்கு வருகிறேன். இவற்றை எடைபோட நான் இப்போது வைத்துக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இந்த வழி, பிள்ளையைக் கையில் இருக்கிறதைக் கொடுக்க வைக்கிறதா, இல்லை தள்ளிப்போட வைக்கிறதா?

கூடுதல் நாள் கொடுப்பது. ஆசிரியர்களிடம் கேட்டதும் கிடைப்பது இதுதான். செலவில்லை, யாரிடமும் எதையும் விளக்க வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்கு, வீட்டில் துக்கம் நடந்த பிள்ளைக்கு இது சரியான உதவி. ஆனால் பிசகு வந்துவிடுமோ என்று பயந்து நிற்கிற பிள்ளைக்கு ஒரு வாரம் என்பது அழித்து வரைய இன்னும் ஏழு ராத்திரி. நாள் கூடக் கூட ‘இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டேன், இனி சுமாராகக் கொடுக்க முடியாது’ என்ற எண்ணமும் கூடும். என் மாணவிக்கு நான் கொடுத்த ஒரு வாரம் மூன்று வாரமாக நீண்டது. நான்காவது வாரம் அவள் வகுப்புக்கே வரவில்லை. வராந்தாவில் என்னைத் தூரத்தில் கண்டால் மாடிப்படிப் பக்கம் திரும்பிவிடுவாள் என்று தோழிகள் பிறகு சொன்னார்கள். என் கருணை அவளுக்குக் கடனாகப் போயிருந்தது.

இப்போது நான் செய்வது வேறு. “இந்த நிமிஷம் கையில என்ன இருக்கோ அதைக் கொடு” என்கிறேன். பாதிப் படம் என்றாலும் வாங்கி, தேதி போட்டு, மதிப்பெண் போட்டுக் கையெழுத்திடுகிறேன். இன்டர்னல் 25, எழுத்துத் தேர்வு 75 என்று இருக்கும் இடங்களில், பாதி ரெக்கார்டுக்குக் கிடைக்கும் நாலைந்து மதிப்பெண் வெறும் பூஜ்யத்தைவிட எவ்வளவோ மேல். பிள்ளைக்கு அது தெரியும். ஆனாலும் கேட்டு வாங்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது.

ஒரு செமஸ்டர் நிறுத்திவிடுவது. பெற்றோர் அடுத்ததாகக் கேட்பது இதைத்தான். “வீட்டுல கொஞ்ச நாள் இருக்கட்டும், தெளிஞ்சு வரட்டும்.” கேட்க நன்றாக இருக்கிறது. நடைமுறை வேறு. நான்காவது செமஸ்டரை நிறுத்தினால், அதே பாடங்கள் மறுபடி நடப்பது பெரும்பாலும் அடுத்த வருடம்தான். ஒரு செமஸ்டர் என்று நினைத்தது ஒரு முழு வருடமாகிவிடும். திரும்பி வரும்போது கூடப் படித்தவர்கள் ஒரு வகுப்பு மேலே இருப்பார்கள். ‘எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்’ என்று ஏற்கனவே நம்புகிற பிள்ளைக்கு அது சின்ன விஷயம் இல்லை. உதவித்தொகை, விடுதி இடம், புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய், பஸ் பாஸ், இவையெல்லாம் என்ன ஆகும் என்பதையும் கல்லூரி அலுவலகத்தில் கேட்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நிறுத்திய காலத்தில் பிள்ளை ஓய்வெடுப்பதில்லை. ‘திரும்பப் போகும்போது எல்லாம் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும்’ என்று எல்லாப் பாடத்துக்கும் அட்டவணை போடும். அட்டவணை ஒரு நாள் பிசகினால் புது அட்டவணை. சிகிச்சை இல்லாத நிறுத்தம், என் கணக்கில், நீளமான ‘இன்னும் ஒரு வாரம்’தான்.

அதற்காக நிறுத்தவே கூடாது என்று சொல்லவில்லை. தூக்கம் போய், சாப்பாடு போய், எழுந்து குளிக்கக்கூட முடியாத நிலையில் இருக்கிற பிள்ளையைப் பரீட்சை ஹாலுக்குத் தள்ளுவது கொடுமை. மருத்துவர் பார்த்து, நிறுத்தச் சொன்னால் நிறுத்துங்கள். அந்த வருடத்தில் வாராவாரம் சிகிச்சை நடக்க வேண்டும் என்பது மட்டும் உறுதியாக இருக்கட்டும். நடுவழி ஒன்றும் இருக்கிறது: வகுப்புக்கு வந்துகொண்டே, எழுத முடிகிற தாள்களை மட்டும் எழுதி, மற்றதை அரியராக வைப்பது. அரியர் என்ற சொல்லைக் கேட்டாலே நம் வீடுகளில் இழவு விழுந்தது போல் ஆகிவிடும். ஆனால் இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு அரியர் வந்து, அதற்குப் பிறகும் அம்மா சோறு போடுகிறாள், தோழி பக்கத்தில் உட்காருகிறாள் என்று கண்ணால் காண்பதே பெரிய மருந்தாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். வருகை 75 சதவீதத்துக்குக் கீழே போனாலும், மருத்துவச் சான்றிதழ் இருந்தால் ஓரளவு விலக்குத் தரும் விதி பல இடங்களில் உண்டு. அதையும் கேளுங்கள்.

படிப்பையே மாற்றுவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாடம் பிடிக்காத பிள்ளைக்கு அது சரி. பாடம் பிடித்தும் கொடுக்க முடியாத பிள்ளை எந்தப் பாடத்துக்குப் போனாலும் இந்த அழிரப்பரைக் கூடவே கொண்டுபோகும்.

கல்லூரிக்குள்ளேயே ஆலோசகர். 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் எந்தக் கல்வி நிறுவனத்திலும் தகுதியுள்ள ஆலோசகரோ உளவியலாளரோ சமூகப் பணியாளரோ ஒருவராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வகுத்தது. அதைவிடச் சிறியவை வெளியே ஒரு மனநல நிபுணரோடு தொடர்பு வைத்திருக்க வேண்டும். மாணவர்களைப் பலர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. அதனால் உங்கள் கல்லூரியில் யார் அந்த ஆலோசகர் என்று கேட்பது உங்கள் உரிமை. பதில் வரும்வரை கேளுங்கள்.

இந்த வழியின் பலம், பக்கத்தில் இருப்பது. மதியச் சாப்பாட்டு வேளையில் போய்ப் பேசிவிட்டு வரலாம். பஸ் பிடிக்க வேண்டாம், வீட்டில் காரணம் சொல்ல வேண்டாம். பாட ஆசிரியர்களிடம் பேசி, பகுதி பகுதியாக வாங்கிக்கொள்ளச் சொல்லவும் ஆலோசகரால் முடியும். பலவீனமும் அந்த நெருக்கம்தான். பல இடங்களில் மென்டர் என்றும் ஆலோசகர் என்றும் உட்கார்ந்திருப்பது பாடம் நடத்துகிற எங்களில் ஒருவர். இன்டர்னல் மார்க் போடுகிற கையிடம் ‘எனக்குப் பயமாக இருக்கிறது’ என்று எந்தப் பிள்ளை மனம் திறக்கும்? அவர்கள் வந்து உட்கார்ந்து, சிரித்து, “ஒண்ணுமில்ல மேம், இனிமே கரெக்டா பண்ணிடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். நல்ல மாணவி போல நடிப்பதில்தான் அவர்களுக்குப் பயிற்சி அதிகம். மார்க் போடாத ஆலோசகர் இருந்தால் இதை முதல் வழியாக எடுங்கள். இல்லாவிட்டால் வெளியே போங்கள்.

14416. டெலி மானஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண். 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். ராத்திரி ரெண்டு மணிக்கு, நோட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுகிற நேரத்தில், வேறு எந்தக் கதவும் திறந்திருக்காது, இது திறந்திருக்கும். முதல் அடிக்கு இது போதும், பல வார சிகிச்சைக்கு இது போதாது.

இனி ஐகிரவுண்டு. திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம் ஊரில் யாரும் முழுப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, ஐகிரவுண்டு என்றுதான். கை ஒடிந்தால், பிரசவம் என்றால், டெங்கு என்றால் யோசிக்காமல் போகிற அதே இடத்துக்கு, மனநலப் பிரிவு என்றதும் கால் பின்வாங்குகிறது. அந்த அம்மாவிடம் பிறகு ஒருநாள் அங்கே போகச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “நாளைக்குக் கட்டிக் குடுக்கும்போது யாரும் கேட்டா?” என்பதுதான். சிரித்து ஒதுக்க முடியாத கேள்வி அது. நான் சொன்ன பதில்: மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன்படி சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைப்பது மருத்துவமனையின் கடமை. கல்லூரிக்கோ சொந்தக்காரர்களுக்கோ யாரும் கடிதம் போடமாட்டார்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை போன்ற சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.

அங்கே கிடைப்பது என்ன? காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கினால் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். பணம் கிடையாது, மருந்தும் இலவசம். இது வெறும் பெர்ஃபெக்ஷனிசமா, அதன் அடியில் மனச்சோர்வு இருக்கிறதா, கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது வரை போகிற ஓ.சி.டி.யா என்று பிரித்துப் பார்க்க மருத்துவரால்தான் முடியும். தேவைப்பட்டால் ரத்தசோகை, தைராய்டு பரிசோதனையும் அங்கேயே நடக்கும். சோர்வு எல்லாம் மனதில் இருந்துதான் வருகிறது என்று வைத்துக்கொள்ள முடியாதே. ‘தூக்க மாத்திரை கொடுத்து அடிமையாக்கிவிடுவார்கள்’ என்ற பயம் பல வீடுகளில் உண்டு. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இப்போது முதலில் கொடுக்கிற மாத்திரைகள் அந்த வகை இல்லை. அவை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை என்று நிறுத்தக் கூடாது. தேறியபிறகும் மருத்துவர் சொல்லாமல் சட்டென்று நிறுத்தக் கூடாது.

குறையையும் சொல்ல வேண்டும். கூட்டம். அரை நாள் காத்திருந்து பத்து நிமிடம் பேசக் கிடைக்கலாம். வாராவாரம் உட்கார வைத்துப் பேசுகிற சிகிச்சைக்கு நேரம் கிடைக்குமா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். இன்னொன்று, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் குறிப்பிட்ட கிழமைகளில் தாலுகா அரசு மருத்துவமனைகளுக்கும் வருவார்கள். அம்பாசமுத்திரம் பக்கத்துப் பிள்ளை பாளையங்கோட்டை வரை வர வேண்டிய அவசியம் இல்லாமலும் போகலாம். பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் எந்தக் கிழமை என்று விசாரியுங்கள்.

தனியார் உளவியலாளர். பேசிப் பேசிச் சரிசெய்கிற சிகிச்சைக்கு இதுதான் வசதியான இடம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்குகிற சி.பி.டி. என்ற முறையில், பெர்ஃபெக்ஷனிசத்துக்கென்றே வடிவமைத்தது ஒன்று இருக்கிறது. ஆய்வுகளில் பெரும்பாலும் 8 முதல் 12 அமர்வுகள் நடத்தியிருக்கிறார்கள், பலன் தெரிந்திருக்கிறது. அதில் செய்யச் சொல்வது கேட்க எளிது. வேண்டுமென்றே ஒரு சின்னப் பிழையோடு ஒன்றைக் கொடு. கொடுப்பதற்கு முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாயோ அதை எழுது. கொடுத்தபின் என்ன நடந்தது என்று பக்கத்திலேயே எழுது. பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும் என்பதுதான் முறை. செலவுதான் தடை. 8 அமர்வு என்றால் மொத்தம் எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள்; இரண்டு முறை போய்ப் பணமில்லாமல் நிறுத்துவது பாதி ஆபரேஷனில் எழுந்து வருவது மாதிரி. பெயர்ப்பலகையில் கவுன்சிலர் என்று யாரும் போட்டுக்கொள்ளலாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை.

ஆகவே, கையில் காசும் நேரமும் கொஞ்சம் இருந்து, பிள்ளை தூங்கிச் சாப்பிட்டு நடமாடுகிற நிலையில் இருந்தால், மார்க் போடாத ஆலோசகர் அல்லது பதிவுபெற்ற உளவியலாளர். தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் மனநல மருத்துவர். ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்ற பேச்சு வந்தால், விளையாட்டாகச் சொன்னது போல் இருந்தாலும், எதையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டாம். தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அவசரப் பிரிவு ராத்திரியிலும் இயங்கும். வண்டிக்கு 108.

என் மாணவியை அவள் அம்மா ஐகிரவுண்டுக்குத்தான் கூட்டிப் போனார். மனச்சோர்வு என்றார்கள், மாத்திரை தந்தார்கள். மூன்று மாதம் கழித்து, மாற்றம் தெரிந்தபிறகு, ஒரு உளவியலாளரிடமும் போனாள். ஒரு படத்துக்கு 40 நிமிடம், அழிரப்பர் இல்லாமல், என்பது அவர் போட்ட முதல் நிபந்தனை. பிழை வந்தால் ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுத வேண்டும். முதல் படத்தை என்னிடம் நீட்டியபோது அவள் விரல் நடுங்கியது. நான் பிழையைப் பற்றியும் பேசவில்லை, அழகைப் பற்றியும் பேசவில்லை. தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அப்படித்தான் செய்யச் சொல்லியிருந்தார்கள். ‘சூப்பர்’ என்று சொன்னால் அடுத்த படமும் சூப்பராக இருந்தாக வேண்டுமே.

அவள் அம்மா ஒருநாள் சொன்னதை நான் மற்ற பெற்றோரிடமும் சொல்வதுண்டு. “கடையில ஆயிரம் பீடி குடுத்தா நாலஞ்சைக் கழிச்சுத்தான் போடுவாங்க டீச்சர். கழிப்பாங்கன்னு நான் குடுக்காம இருந்தா அடுப்பு எரியுமா? இதை எம்புள்ளைட்ட நான் ஒருநாளும் சொன்னதில்ல. அவ படிச்ச புள்ள, நாம என்னத்தச் சொல்லன்னு இருந்துட்டேன்.” பிறகு சொல்லியிருக்கிறார். சுளகை மடியில் வைத்துக்கொண்டு, கழித்துப் போட்ட பீடிகளைக் காட்டியே சொன்னாராம்.

அவளுக்கு டிகிரி இன்னும் கைக்கு வரவில்லை. அரியர் ஒன்று இருக்கிறது. நவம்பரில் எழுதுகிறாள்.